மூன்று ஊதலுக்கு ஒரு பதில்

சாந்தா ருஃபினா காபித் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது சங்கு ஊதிக் காட்டுவதில்லை. பழைய தண்ணீர்ச் சக்கரத்தைக் காட்டுவார்கள். முதலாளி குடும்பம் படுத்த கட்டிலைக் காட்டுவார்கள். கடைசியில் சின்னக் கோப்பையில் காபி கொடுத்து அனுப்பிவைப்பார்கள். சங்கு எங்கே என்று யாராவது விவரம் தெரிந்தவர் கேட்டால், உடைந்துபோய்விட்டது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பொய். ஒன்று எர்மினியோவிடம் இருக்கிறது. இன்னொன்று என் வீட்டு அடுப்பங்கரைச் சுவரில், இதை எழுதும் மேசைக்கு நேர் எதிரே தொங்குகிறது.

எர்மினியோ கிரிந்தோங்கோவைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு யோக்கியதையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான். அவர் மகள் மிக்தாலியாவுக்கு நான் ஞானத்தாய். அதனால் எங்கள் வழக்கப்படி அவருக்கு நான் கொமாய், எனக்கு அவர் கொம்பாய். நாற்பது வருஷமாக வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. அவர் வீடு மேட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே, பத்து நிமிஷ இறக்கத்தில், என் வீடு. ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் தோட்டம். இந்தப் பள்ளத்தில் செல்போன் எடுக்காது. என் வீட்டு ஆரஞ்சு மரத்தில் ஏறி நின்றால் ஒரு கோடு தெரியும், இறங்குவதற்குள் அதுவும் போய்விடும்.

அந்தத் தோட்டத்தின் கூலிக் குடிசையில்தான் அவர் பிறந்தார். ஏழு வயதில் இடுப்பில் கூடை கட்டியவர் அறுபது வயதுவரை அவிழ்க்கவில்லை. தோட்டம் நொடித்து மூடியபின் இந்த மேட்டில் துண்டு நிலம் வாங்கிச் சொந்தமாகக் காபி வைத்தார். இரண்டு புயல் அதை வழித்துக்கொண்டு போனது, இரண்டு தடவையும் மறுபடி நட்டார். ஒல்லியான மனிதர், காது மட்டும் பெரிசு. பேச்சும் குறைவு, ஆட்டமும் வராது. என் கல்யாணத்தில் அவரை ஆட இழுத்தவர்கள் எல்லோரும் கால் மிதிபட்டுத் திரும்பினார்கள். அவரை எப்படி ஒவீடியா கட்டிக்கொண்டாள் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவள் வாய் ஓயாதவள். சிரித்தால் என் வீட்டுக் கோழி ஓடும்.

ஒவீடியா புருஷன் வீட்டுக்கு வரும்போது அவள் அப்பா ஒரு சங்கைக் கொடுத்தனுப்பினார். மலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்த காலம் அது. குட்டையாக ஒன்று ஊதினால் மழை வருகிறது, காயப்போட்ட காபியை உள்ளே தள்ளு என்று அர்த்தம். நீளமாக மூன்று ஊதினால் ஆள் வேண்டும். யாருக்கோ உயிர் போகிறது, அல்லது போய்விட்டது. கேட்டவர் தன் வீட்டிலிருந்து நீளமாக ஒன்று ஊத வேண்டும். கேட்டுவிட்டது, வந்துகொண்டிருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அப்புறம் மூங்கிலையும் தூளியையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். என் புருஷனை அப்படித்தான் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மூன்று ஊதினேன், ஆறு வீட்டிலிருந்து பதில் வந்தது. அவர் பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஆறு பதிலும் இன்றைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது.

எர்மினியோவுக்கு அறுபத்தொரு வயதில் முழங்கால் போயிற்று. சரிவில் நிற்க முடியாத காபிக்காரனுக்கு மலையில் என்ன வேலை? அந்தச் சமயத்தில்தான் போன்ஸே நகரத்திலிருந்து ஆட்கள் வந்து, பாழடைந்து கிடந்த சாந்தா ருஃபினாவைப் பழுது பார்த்து, சனி ஞாயிறுகளில் ஜனங்களைக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார்கள். டமாரிஸ் என்று ஒரு பெண் பொறுப்பாக இருந்தாள், நல்ல பெண். வெள்ளைச் சட்டையும் ஓலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, பதினோரு மணிக்கு முற்றத்தில் நின்று சங்கு ஊத வேண்டும். அதுதான் வேலை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரைச் சமதரையில் நிற்க வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஒவீடியா குதித்தாள்.

"அது என்ன வெளையாட்டுச் சாமானா? எங்கப்பா செத்தப்போ அதை ஊதித்தான் ஆள் வந்துச்சு. நீ தொப்பி மாட்டிக்கிட்டு சான் ஹுவான் பட்டணத்துக்காரங்க முன்னாடி ஊதிக் காட்டுவியா, மனுசா?"

"உன் சங்கை எடுக்கல. அங்கேயே பழசு ஒண்ணு கெடந்துச்சு."

"எந்தச் சங்கா இருந்தா என்ன? கேக்குறவனுக்குத் தெரியுமா?"

அவள் சொன்னது அப்படியே நடந்தது. முதல் சனிக்கிழமை அவர் மழைக்கு ஊதும் குட்டை ஊதலைத்தான் ஊதினார். அது சப்பென்று இருக்கிறது, நீளமாக ஏதாவது இல்லையா என்று டமாரிஸ் கேட்டாள். இருக்கிறதே. மூன்று ஊதினார். மலை முழுக்க எதிரொலித்தது. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் மலைக்காரர் செலெடோனியோவும் இன்னும் நாலு பேரும் தூளியைத் தோளில் போட்டுக்கொண்டு, சேறும் வியர்வையுமாக முற்றத்துக்குள் ஓடிவந்தார்கள். செலெடோனியோவுக்கு ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.

"யாரு? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல, செலே. காட்டுறதுக்கு ஊதினேன்."

"யாருக்குக் காட்டுறதுக்கு?"

"இவங்களுக்கு."

செலெடோனியோ அந்தக் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதுல யாரைத் தூக்கணும்? அந்தக் குண்டு மனுசனைன்னா இன்னும் ரெண்டு பேர் வேணும்."

இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்து எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எர்மினியோவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காட்சி முடிந்த கையோடு, ஒரு பை ஆரஞ்சை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்த முழங்காலோடு. ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு: சனி ஞாயிறு அங்கே ஊதுவது காட்சிக்கு. தயவுசெய்து வராதீர்கள். கேட்டாலும் கேட்காத மாதிரி இருங்கள்.

என் வீட்டுக்கு வந்தபோது செலெடோனியோவும் இருந்தார். எது நிஜம், எது காட்சி என்று எப்படித் தெரியும் என்று அவர்தான் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"சனி ஞாயிறு பகல்ல யாரும் சாகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க, கொம்பாய். முடிஞ்சுது விவகாரம்."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆரஞ்சு இனிப்பாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு அங்கே மூன்று ஊதியதும், அதை விட்டுவிட்டுப் போன எரிச்சலில் ஒவீடியா தன் சங்கை எடுத்து மேட்டிலிருந்து ஒன்று ஊதினாள். 'வர்றேன் இரு, வந்து உன் காதைத் திருகுறேன்' என்று அர்த்தமாம். அவளே சொன்னாள். ஆனால் அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். எதிர்மலையிலிருந்து பதில் வருகிறது என்று ஜனங்கள் சிலிர்த்துப்போனார்கள். என் மனைவி என்று எர்மினியோ தொப்பியைக் கழற்றிக் காட்டினார். இன்னும் பெரிய கைதட்டல். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து பேசிய பேச்சு, நாற்பது வருஷத்தில் பேசாத பேச்சு. அவருக்குக் கைதட்டல் பிடித்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கூடை சுமந்த காலத்தில் யார் அவருக்குக் கைதட்டினார்கள்?

அவர் கெஞ்சினார், அவள் முறைத்தாள். அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஈரக்கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு ஒன்று ஊதினாள். அதற்கப்புறம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கிழட்டுப் புறாக்கள் என்று நாங்கள் கேலி செய்தோம். அவள் திட்டுவாள், காது மட்டும் சிவந்துபோகும். பத்தே முக்காலுக்கே தலை வாரிக்கொள்வாள். ஓடைக்கு அப்பாலிருந்து யாருக்கு அவள் தலை தெரியும்?

நவம்பர் மாதம், பறிப்புக் காலம், சனிக்கிழமை. நான் அடுப்பை மூட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து சொத்தைக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் நாளிலிருந்து தலைவலி. பதினோரு மணிக்கு அங்கிருந்து மூன்று. மேட்டிலிருந்து ஒன்று. வழக்கம்போல.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் வீடு கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீடு. காபி காயப்போடும் பெரிய மரத்தட்டுகள் தண்டவாளத்தில் உருண்டு வீட்டுக்கு அடியில் போய்விடும். அதைத்தான் அவள் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் இருந்திருந்தால் இரண்டு பேராகத் தள்ளியிருப்பார்கள்.

பதினொன்று இருபது இருக்கும். மேட்டிலிருந்து மூன்று ஊதல், நீளமாக. கொஞ்ச நேரத்தில் எதிர்மலையிலிருந்து எர்மினியோவின் பதில் ஒன்று. இதென்ன, இன்றைக்குத் தலைகீழாக ஊதி விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி மேட்டிலிருந்து மூன்று. மறுபடி மூன்று. மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல இருந்தது. சாயங்காலம் போய்ச் சண்டை போடுவதற்காக எண்ண ஆரம்பித்தேன். ஏழு தடவை, மூன்று மூன்றாக. எட்டாவது தடவை ஒன்று ஊதி நின்றுவிட்டது.

அப்பாடா என்றேன். வாய்விட்டு, அப்பாடா.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டு மணிவாக்கில் மேட்டிலிருந்து மறுபடி மூன்று. இன்றைக்கு இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எழுந்து கதவைச் சாத்தப் போனேன். கதவில் கை வைத்தபிறகுதான் உறைத்தது. மழையில் காட்சி கிடையாது. மழை வந்தால் வந்தவர்களை உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்துவிடுவார்கள். இதைக் காட்சிக்கு யாரும் ஊதவில்லை. செருப்பு போடாமல் ஓடினேன்.

தட்டு ஒரு மூலையில் தண்டவாளத்தை விட்டு இறங்கியிருந்தது. ஒவீடியாவின் கால் அதற்கடியில். தொடையில் துருப்பிடித்த இரும்பு கிழித்திருந்தது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது, சங்கு மடியில் இருந்திருக்கிறது. மழைக்கு ஊதுவதற்காக அந்தத் தூணில்தான் அதை மாட்டிவைத்திருப்பாள், கைக்கெட்டும் தூரத்தில். எர்மினியோ அவள் பக்கத்தில் குந்தி, அந்தச் சங்கை வாயில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. நான் வந்து நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. நான்தான் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

இதயத்துக்கு அவள் மாத்திரை சாப்பிடுகிறவள், இரத்தம் உறையாமலிருக்க. கீறினாலே நிற்காது. அரைமணிக்குள் யாராவது ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தால் போதும் என்றார் டாக்டர். எனக்குத் துணி கட்டத் தெரியாதா? பத்து நிமிஷ ஏற்றம் ஏறத் தெரியாதா?

மழையில் பாதை சரிந்து வண்டி வரவில்லை. செலெடோனியோ தூளி கொண்டுவந்தார். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம். அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தார்கள்.

மறுநாள் மாலை உடலை வீட்டில் வைத்திருந்தோம். ஃப்ளோரிடாவிலிருந்து மிக்தாலியா வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

"ஞானம்மா, நேத்து நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"காலையில டவுனுக்குப் போயிட்டேன்மா. இப்பதான்... மழையிலதான் திரும்பினேன்."

அவள் கையை விட்டுவிட்டாள். எர்மினியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எனக்குக் கேட்டுச்சு கொமாய். மொத மூணு நல்லாவே கேட்டுச்சு. காலையில வாழைக்காயும் உப்பு மீனும் வெச்சா, திங்காம வந்துட்டேன். அதுக்குத்தான் திட்டுறான்னு அவங்க கிட்டச் சொன்னேன். என் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிடுறான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கைதட்டினாங்க. பதில் சொல்லுங்க தாத்தான்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. நான் ஒண்ணு ஊதினேன்."

ஒன்று ஊதினால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"வர்றேன்னு ஊதினேன்" என்றார். "அப்புறம் அவங்களைச் சக்கரம் பாக்கக் கூட்டிட்டுப் போனேன். சக்கரத்துச் சத்தத்துல வேற எதுவும் கேக்கல."

ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்தது. மிக்தாலியா அப்பாவை ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டாள், அவர் போகவில்லை. டமாரிஸ் வந்து அழுதாள். இனிமேல் அங்கே சங்கு கிடையாது என்று சொல்லி, தோட்டத்துச் சங்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். பத்தாம் நாள் காலை, எர்மினியோ ஒரு சாக்கில் இரண்டு சங்கையும் ஆரஞ்சையும் போட்டுக்கொண்டு அதே வீடுகளுக்கு ஏறி இறங்கினார். இனி காட்சிக்கு யாரும் ஊத மாட்டார்கள். கேட்டால் வாருங்கள். இந்த இரண்டு வாக்கியத்தைத்தான் சொன்னாராம். பாதி வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்கள்.

கடைசியாக என் வீடு. காபி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"எத்தன தடவ ஊதினா, கொமாய்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் டவுனுக்கு..."

"நீங்க டவுனுக்குப் போகல. உங்க அடுப்புப் புகை அங்கேருந்து எனக்குத் தெரிஞ்சுது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம், கோப்பையை என் மேல் எறிந்திருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏழு தடவ. மூணு மூணா. எட்டாவது... ஒண்ணோட நின்னுடுச்சு."

"நான் ஊதினது?"

"மொத மூணுக்கு அப்புறம்."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு அந்தக் கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அதுக்கப்புறம் அவ ஆளுக்கு ஊதல. நான் எங்க வந்துட்டிருக்கேன்னு கேட்டிருக்கா."

நான் ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. சாக்கிலிருந்து ஒவீடியாவின் சங்கை எடுத்து மேசைமேல் வைத்தார். என் வீட்டுச் சங்கு புயலில் கூரையோடு போய்ப் பல வருஷம் ஆகிறது, அவருக்கு அது தெரியும்.

"உங்களுக்குத்தான் இங்க யாருமில்ல. தேவைப்பட்டா மூணு ஊதுங்க. நான் ஒண்ணு ஊதுவேன். இந்தத் தடவ ஊதினா வருவேன்."

போகும்போது ஆரஞ்சுப் பையை மறக்காமல் வைத்துவிட்டுப் போனார். அதை நான் உரிக்கவேயில்லை.

போன மார்ச் மாதம் அடுப்பங்கரையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. சங்கு அதே சுவரில், தரையிலிருந்து கையை நீட்டினாலும் எட்டும் தாழ்வில் இருந்தது. நல்ல பகல். அவர் வீட்டில்தான் இருந்தார், மேட்டில் அவர் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. மூன்று ஊதினால் முதல் மூச்சிலேயே கேட்டிருக்கும்.

கையை நீட்டினேன். தொடவும் செய்தேன். ஊதினால் உடனே அங்கிருந்து அந்த ஒன்று வரும். கோடரியை எறிந்துவிட்டு, அந்த முழங்காலோடு, வழுக்குகிற சரிவில் அவர் விழுந்தெழுந்து ஓடிவருவார். வந்து என்னைத் தூக்கி உட்கார வைப்பார், எனக்குத் தண்ணீர் கொடுப்பார். நான் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் தரையில் கிடந்தேன். பிறகு நாற்காலியைப் பிடித்து நானாகவே எழுந்துகொண்டேன். மேட்டில் அவர் இன்னும் விறகு பிளந்துகொண்டிருந்தார்.